எதிரணியில் உலகம்மாள்

டிசம்பர் 20

எம்.பி.ஏ. நுழைவுக்கான கேட் தேர்வு முடிவு வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு புள்ளி சொச்சம். நூறு பேர் எழுதினால் எனக்கு மேலே இரண்டு பேர்கூட இல்லை என்று பொருள். திரையை மூடித் திறந்து பார்த்தேன். எண் மாறவில்லை. அடுக்களைக்கு ஓடினேன். அம்மா கிரைண்டரில் உளுந்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நூத்துக்கு நூறு எடுக்கலியா?"

இது அந்த மாதிரி மார்க் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரிட்டி, மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் புரியவைக்க முடியாது. எனக்கோ சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்த நாட்குறிப்பை இன்றைக்கே தொடங்குகிறேன். நாளைக்கு நான் பெரிய ஆளாகிவிட்டால் யாராவது கேட்பார்கள், கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

என் பெயர் உலகம்மாள். ஊர் தென்காசி. பி.ஏ., எம்.ஏ. இரண்டும் தமிழ் இலக்கியம். தொழில், பட்டிமன்றப் பேச்சு. எங்கள் குழுவுக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி நடுவர்; கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அணிக்கு நான் தலைமை. எதிரணிக்குச் செண்பகராஜ், ஆங்கிலப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். கூடப் பேசுகிறவர்கள் ஊருக்குத் தகுந்தபடி மாறுவார்கள், நாங்கள் மூன்று பேரும் நான்கு வருடமாக மாறவில்லை.

செண்பகராஜுக்கும் போன் செய்து சொன்னேன். "நல்லது. இனிமேதான் கஷ்டம்" என்றார். வேறு எந்த மனிதராவது இந்த நேரத்தில் இப்படிச் சொல்வாரா? இனி இந்த நோட்டில் அவருக்கு மரியாதை கிடையாது. அவன்தான்.

டிசம்பர் 21

நேற்று ராத்திரி தூக்கமில்லை. சந்தோஷம்தான் காரணம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஜனவரி 6

இரண்டு கல்லூரிகளில் இருந்து நேர்காணலுக்கு அழைப்பு! இரண்டுமே வடக்கே, நாடு முழுக்கப் பெயர் சொன்னால் தெரிந்த இடங்கள்; நேர்காணல் மட்டும் சென்னையில். பெயரை எழுதினால் கண் பட்டுவிடும் என்று அம்மா சொல்கிறாள். எனவே ஒன்றுக்குப் 'பெரியது' என்றும் இன்னொன்றுக்கு 'ஆற்றங்கரை' என்றும் பெயர் வைத்திருக்கிறேன். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஓர் ஆறு ஓடுகிறது, படத்தில் பார்த்தேன். தண்ணீர் நம் சிற்றாறு அளவுக்குச் சுத்தமில்லை. அது பரவாயில்லை.

விவரம் நிரப்பும் படிவத்தில் ஒரு வேடிக்கை. என்ன படித்தீர்கள் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு வரிசை விழுகிறது. பொறியியல், அறிவியல், வணிகவியல், மருத்துவம், சட்டம் என்று போய்க்கொண்டே இருக்கிறது, தமிழைக் காணோம். எல்லாவற்றுக்கும் கீழே 'மற்றவை' என்று ஒன்று. அதைத்தான் தொட்டேன். ஐந்து வருடம் அகமும் புறமும் உருப்போட்டு, கடைசியில் நான் மற்றவை. சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அதற்கப்புறம் வந்தது.

இன்னொரு கேள்வி: ஏன் மேலாண்மை படிக்க விரும்புகிறீர்கள்? இதை எழுதத்தான் கை பறந்தது. போன வருடப் பொங்கலில் எங்களுக்கு ஒரே நாளில் மூன்று ஊர் மேடை. எந்த ஊரில் எப்போது சாமி புறப்பாடு, எங்கே ரயில்வே கேட் மூடுவார்கள், சர்க்கரைக்காரரான அண்ணாச்சி எந்த இடத்தில் சாப்பிட வேண்டும், எந்த ஊர்த் தலைவர் வரவேற்புரையை இழுப்பார், எல்லாவற்றையும் யோசித்து ஒரு தாளில் கோடு போட்டேன். மூன்று மேடைக்கும் நேரத்தில் ஏறினோம். அன்றைக்கு விழுந்த கைதட்டலை எல்லாம்விட அந்தத் தாள்தான் எனக்கு இனித்தது. தமிழ்நாடு முழுக்கப் பேச்சு, பாட்டு, கூத்து என்று எத்தனை குழுக்கள், தேதி மாறி, வண்டி பிந்தி, சாப்பாடு இல்லாமல் அல்லாடுகின்றன. அத்தனை பேருக்கும் அதை ஒழுங்காக அமைத்துக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தை நான் நடத்த வேண்டும். படிவத்தில் அதற்கு விட்டிருந்த இடம் போதவில்லை.

ஜனவரி 16

பொங்கல் சீசன். மூன்று நாளாக வேனிலேயே வாழ்க்கை.

அண்ணாச்சியின் வழக்கம் ஒன்றை எழுதிவைக்கிறேன், வெளியாட்கள் நம்பமாட்டார்கள். தலைப்பு முன்கூட்டியே தெரியும். யாருக்கு எந்த அணி என்பதை மட்டும் வேன் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் சொல்வார். வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்தால் பேச்சில் பழைய சோற்று வாடை அடிக்கும் என்பார். கொடுத்த அணியை மாற்றிக் கேட்கக் கூடாது. மேடையை விட்டு இறங்கும்வரை அதுதான் நம் கொள்கை, நம் உயிர். நேற்று ஆலங்குளத்தில் கூட்டுக் குடும்பம்தான் சொர்க்கம் என்று பேசி மூன்று பெண்களை அழவைத்தேன். இன்று சுரண்டையில் தனிக்குடித்தனம்தான் நிம்மதி என்று பேசினேன், மாமியார் ஒருவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாளும் மனசாரத்தான் பேசினேன்.

இன்றைக்கு எனக்குப் பிறகு பேசிய செண்பகராஜ், "எதிரணித் தலைவி தனிக்குடித்தனம் வேணும்னு இவ்வளவு கேக்காங்க. இன்னும் ஜாதகத்தையே வெளிய எடுக்கல" என்றான். கூட்டம் சிரித்து ஓய நேரமானது. மணியடித்தும் நிறுத்தாமல் பேசினான். அவன் நீலச் சட்டையில் கை மடிப்பு ஒன்று மேலே, ஒன்று கீழே. மேடை ஏறுவதற்கு முன் ஒருவரும் சொல்ல மாட்டார்களா?

இந்த வருடம் வந்த பொன்னாடைகளில் ஒன்றை அம்மா கிரைண்டருக்குப் போர்த்திவிட்டாள்.

ஜனவரி 18

தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம். பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அவள் நன்றாகத் தூங்கி எழுந்தாளாம்.

ஜனவரி 27

நேர்காணல் ஆங்கிலத்தில். வாசித்தால் எனக்கு எல்லாம் புரியும். பேசினால் ஆங்கிலம் அடுக்குமொழியாக வெளியே வருகிறது. பள்ளி விட்டதும் செண்பகராஜ் போனில் என்னை நேர்காணல் செய்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். எதிரே இருப்பவன் நானாக இருந்தால் எப்படிக் கேட்பேன் என்று பார் என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்கிறான்.

"தமிழ் படிச்ச பொண்ணுக்கு எங்க காலேஜ்ல என்ன வேலை?"

"இது கேள்வியா, வம்பா வாத்தியாரே?"

"அவங்க வம்புதான் கேப்பாங்க உலகு. கோவப்படாம பதில் சொல்லு. இங்கிலீஷ்ல."

கோபப்படாமல் சொல்ல நான்கு தடவை முயன்றேன். நான்காவது தடவை, "ம், இது போதும்" என்றான். அதற்குள் இருட்டிவிட்டது, அம்மா விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடம் இவ்வளவு நேரம் என்றாள். கோச்சிங் என்றேன்.

பிப்ரவரி 9, சென்னை

பெரியது முடிந்தது. நேர்காணலுக்கு முன்னால் குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, 'வீட்டிலிருந்தே வேலை செய்வது நாட்டுக்கு நல்லதா?' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இது என் சொந்த ஊர் அல்லவா, பட்டிமன்றம் அல்லவா! கையைத் தூக்கி, எனக்கு எந்த அணி என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர், அணி எல்லாம் இல்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு என்ன தோன்றுகிறது? அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. யோசிப்பதற்குள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். சந்தைக்கடை மாதிரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். நடுவர் அழைக்காமல் எழுந்து பேசுவது எங்கள் மேடையில் பெரிய அவமரியாதை, குழுவை விட்டே நிறுத்திவிடுவார்கள். இங்கே நடுவரும் இல்லை, அழைப்பும் இல்லை. பக்கத்துப் பையன் மூன்று முறை பேசிவிட்டான். கடைசியில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நேரம் முடிந்தது என்றார்கள்.

நான்கு வருடமாக ஊர் ஊராகப் பேசிப் பிழைக்கிற உலகம்மாள், பேச்சுப் போட்டியில் வணக்கம் மட்டும் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நேர்காணலில் ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னேன். முடிவு வர வேண்டிய அவசியமே இல்லை. வெட்கமாக இருந்தது. ரயிலில் ஏறும்வரை அழக்கூடாது என்று வைத்திருந்தேன், ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 11

செண்பகராஜிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா உனக்குத் தெரியல. அதான உலகு?"

"தெரியாம என்ன. எல்லாம் தெரியும்."

"சரி, சொல்லு. உனக்கு அந்த சீட்டு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"இதுக்கு யோசிக்கவே இல்ல பாத்தியா. ஆற்றங்கரையில இப்படியே பேசு."

கேட்டதும் தலைக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. ஆமாம், எனக்கு அது வேண்டும். வேறு எதையும் இவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை. துணி துவைக்கும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன வேணும் என்று கேட்டாள்.

பிப்ரவரி 23

செண்பகராஜ் இன்று கடையநல்லூருக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறானாம். அண்ணாச்சி சொன்னார். நல்ல விஷயம். வயதாகிறதே. எனக்குப் படிக்க நிறைய இருக்கிறது. பணவீக்கம் பற்றி வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். அம்மா வந்து, இது கல்லே இல்லாத அரிசிட்டி, கடையில் சுத்தம் பண்ணித்தான் தருகிறான் என்றாள். இருக்கட்டும் என்று மறுபடியும் பொறுக்கினேன்.

இரண்டு நாள் கோச்சிங் வேண்டாம் என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். தலைவலி.

பிப்ரவரி 25

அவனே கூப்பிட்டான். தலைவலி எப்படி இருக்கு என்றான். பெண் எப்படி இருக்கு என்றேன்.

"நல்ல பொண்ணுதான். வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னுட்டா. கடையநல்லூர்ல மழை பெய்யவே பெய்யாதுன்னு சும்மா சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சரிங்கா."

பாவம் அந்தப் பெண், பெண் பார்க்க வந்தவனிடம் பின்னே சண்டையா போடுவாள் என்று திட்டினேன். அரைமணி நேரம் திட்டினேன். தலைவலி சரியாகிவிட்டது. இன்று வாசித்தது எல்லாம் மனதில் நிற்கிறது.

மார்ச் 4, சென்னை

ஆற்றங்கரை. ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மூன்று பேர். இரண்டு ஆண்கள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் பேராசிரியர். முதல் கேள்வியே என் பெயருக்கு என்ன அர்த்தம். உலகத்துக்கே அம்மா என்றேன். பொறுப்பு அதிகம்தான் என்றார் ஒருவர். சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு எல்லாம் இறக்கத்தில் ஓடுகிற சைக்கிள்தான். அண்ணாச்சி வேனில் அணி பிரிப்பதையும் பொங்கலுக்கு மூன்று மேடை ஏறிய கதையையும் சொன்னேன், தாளை வாங்கி அதில் கோடு போட்டே காட்டினேன். நடுவில் ஒரு வண்டி பழுதானால் என்ன செய்வாய் என்று மடக்கினார்கள். எந்த ஊரில் யாருடைய வேனை இரவல் கேட்கலாம் என்பதுகூட அந்தத் தாளில் இருக்கும் என்றேன். பேனாவை எடுத்து அவர்களே கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். பறக்கிற மாதிரி இருந்தது.

பிறகு அந்த அம்மா கேட்டார். "எந்த அணி கொடுத்தாலும் பேசுவேன் என்கிறாய். சரி, ஓர் அணி தருகிறேன். இந்தப் பெண்ணுக்கு நாங்கள் ஏன் இடம் கொடுக்கக் கூடாது? பேசு."

அணி கிடைத்துவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. எழுந்து நின்றேன். நிற்க வேண்டியதில்லை என்றார்கள், எனக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது.

என்னென்ன பேசினேன்! இவள் ஐந்து வருடம் தலைவனும் தலைவியும் பிரிந்த பாட்டுகளைப் படித்தவள், ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைக் கண்ணால் கண்டதில்லை என்றேன். வகுப்பில் மற்றவர்கள் பெரிய அலுவலகங்களில் இருந்து வருவார்கள், இவள் ஒரு வேனில் இருந்து வருகிறாள் என்றேன். இவளுக்குப் புரியவைக்கவே முதல் பருவம் போய்விடும் என்றேன். சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கிறதா என்று இவளுக்கே சந்தேகம், போன மாதம் ஒரு குழு விவாதத்தில் வாயே திறக்கவில்லை என்றேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. ஒரு பேராசிரியர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே இவள் இங்கே வந்தாலும் மனசு வராது, இவளுக்கு வேண்டிய ஒன்று ஊரிலேயே இருக்கிறது என்று முடித்தேன்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வேகத்தில் வந்துவிட்டது. என்ன அது என்று கேட்டார்கள். என் குழு என்றேன்.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து, "நல்லது. இப்போது இதற்கெல்லாம் நீயே மறுப்புச் சொல்" என்றார்.

நான் என்ன சொன்னேன்? எங்கள் வழக்கத்தில் பேசியவரே மறுக்கக் கூடாது, மறுப்புச் சொல்வது எதிரணி, அதற்கு ஊரில் ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று சொன்னேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நன்றி, போகலாம் என்றார்கள்.

எழும்பூர் வந்து சேர்ந்து தேநீர் வாங்கும்போதுதான் உறைத்தது. மறுப்புச் சொல் என்றது எனக்கு அவர்கள் கொடுத்த வாய்ப்பு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நல்ல பேச்சு, எனக்கு எதிராக. ஜெயித்தும்விட்டேன்.

மார்ச் 6

மதிய இடைவேளையில் செண்பகராஜைக் கூப்பிட்டேன். பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். ஊரில் வேண்டியது இருக்கிறது என்ற பகுதியை மட்டும் சொல்லாமல் விடப் பார்த்தேன், கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டான்.

"மறுப்பு சொல்ல ஊர்ல ஆள் இருக்குன்னா சொன்ன?"

"ஆமா. புத்தி கெட்டுப்போச்சு."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல். அதையும் மீறி மேடைக் குரலில் ஆரம்பித்துவிட்டான், பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டு.

"நடுவர் அவர்களே. எதிரணித் தலைவி சொன்னாங்க, இவ ஒரு வேன்ல இருந்து வாரவன்னு. ஆமா, வேன்தான். அந்த வேன்ல ஒரு நாளும் ஒரு ஆளு பசியோட எறங்குனதில்ல, ஒரு மேடைக்கும் பிந்துனதில்ல. இருப்புநிலைக் குறிப்பைப் பாத்ததில்லன்னாங்க. ஆறு மாசத்துல பாத்துருவா. ஆனா திருவிழாக் கூட்டத்தப் பாத்து, யாரு எப்போ எந்திரிச்சுப் போவாங்கன்னு சொல்லுவா பாருங்க, அத எத்தன வருசம் படிச்சாலும் உங்க பிள்ளைகளுக்கு வராது. சொந்தக் கருத்து இல்லன்னாங்க. எங்கிட்ட நாலு வருசமா அவ சொந்தக் கருத்தத்தான் சொல்லுதா. எனக்குக் காது வலிக்கி."

நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

"கடைசியா ஒண்ணு. அவளுக்கு வேண்டியது ஊர்ல இருக்குன்னாங்க. இருந்தா இருக்கட்டும். ரெண்டு வருசத்துல அது எங்கயும் போயிராது."

பள்ளி மணி அடித்துவிட்டது. வைத்துவிட்டான்.

நல்ல பேச்சு. நேர்காணல் அறையில் கேட்டிருந்தால் இடம் கிடைத்திருக்கும். கடைசிப் பகுதி மட்டும் தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன், நடை நன்றாக இருக்கிறது என்பதால்.

மார்ச் 7

மறுபடி வாசித்தேன். நடைதான்.

மார்ச் 30

பெரியதில் இருந்து பதில். இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஆற்றங்கரை இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மா மாவடு போட உட்கார்த்திவைத்தாள். காம்பு கிள்ளிக்கொண்டே, கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி எழுதுவேன் என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு இவ்வளவு வேணுமாட்டி அது?" என்றாள். வேணும் என்றேன். ஒரு மாங்காயைக் கையில் கொடுத்து, "அப்பக் கிடைக்கும்" என்றாள். அவளுக்கு அந்தக் கல்லூரியின் பெயர்கூடச் சரியாக வராது. எனக்கு என்னவோ தைரியம் வந்துவிட்டது.

ஏப்ரல் 22

கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது மின்னஞ்சல் வந்தது. ஆற்றங்கரை எனக்கு இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு, மற்றவைக்கு! வரிசையிலேயே குதித்தேன். என்ன, பச்சரிசி வந்துட்டா என்று பின்னால் இருந்தவர் கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன், பருப்பு வாங்க மறந்துபோனது. அப்பா மரவாடியில் பலகை அறுக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, மின்னஞ்சலை ஒவ்வொரு வார்த்தையாகத் தடவித் தடவிப் பார்த்தார். அம்மா முதலில் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்புறம் வந்து, அவ்வளவு தூரத்திலா என்று அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷ அழுகை.

மே 2-ஆம் தேதிக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "அங்கயும் போயி எவன்கிட்டயும் தோக்காத தாயி" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டார். செண்பகராஜிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றான். எப்படித் தெரியும் என்றால், "மறுப்பு நாந்தான சொன்னேன்" என்கிறான். அவர்கள் காதில் விழவே இல்லையே என்றேன். விழுந்திருக்கும் என்றான்.

ஏப்ரல் 27

சம்மதம் இன்னும் அனுப்பவில்லை. நெட் சரியில்லை.

ஏப்ரல் 29

நெட் சரியில்லை. அந்த ஊரில் குளிர் எப்படி இருக்கும் என்று நான்கு காணொளி பார்த்தேன்.

ஏப்ரல் 30

ராஜபாளையத்தில் சித்திரைத் திருவிழா மேடை. மத்தியானமே வேன் கிளம்பிவிட்டது. வழக்கம்போல ஊர் எல்லை தாண்டியதும் அண்ணாச்சி அணி பிரித்தார், நான் ஒரு பக்கம், அவன் மறு பக்கம். புளியங்குடியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். எலுமிச்சைச் சந்தைக்கு எதிரே நானும் அவனும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தெருவெல்லாம் எலுமிச்சை வாசம்.

"சம்மதம் அனுப்பிட்டியா?" என்றான்.

"நெட் சரியில்ல."

"என் போன்ல இருக்கு. இந்தா."

வாங்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தேன், ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

"ஏன் உலகு, பயமா?"

பயம் இல்லை. கல்லூரியைப் பற்றி ஒரு துளி பயம் இல்லை, நினைத்தாலே கால் தரையில் நிற்க மறுக்கிறது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"வாத்தியாரே, உங்களுக்கு ஒரு அணி தாரேன். உலகம்மாள் போகக் கூடாது. அந்தப் பக்கம் நீங்க பேசுங்க. நான் பதில் சொல்லுதேன்."

எந்த அணி கொடுத்தாலும் அந்த நொடியே ஆரம்பிக்கிறவன். வரதட்சணை நல்லது என்று கொடுத்தால்கூட நாலு பாயிண்ட் எடுத்துவிடுவான். தம்ளரைக் கீழே வைத்தான். லாரியைப் பார்த்தான்.

"நான் பேச மாட்டேன்."

"ஏன்? தலைப்பு பிடிக்கலியா?"

"பேசுனா ஜெயிச்சிருவேன் உலகு."

அவ்வளவுதான் சொன்னான். போனை மறுபடி நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். அவன் போனிலேயே என் மின்னஞ்சலைத் திறந்து, சம்மதம் என்ற இடத்தைத் தொட்டேன். அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்ததும் இருவரும் சேர்ந்து வாசித்தோம். நான் போகிறேன். இவனை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதும், இவனால்தான் போகிறேன் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன். அண்ணாச்சி வேனில் இருந்து கூப்பிட்டார், ஓடிப்போய் ஏறினோம்.

மேடையில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவனும் விடவில்லை.

மே 1

காலையில் அம்மா காய்கறிக்குப் போயிருந்தாள். அவனுக்குப் போன் செய்தேன்.

"சொல்லு உலகு. என்ன தலைப்பு?"

தலைப்பு இல்லை என்றேன். அணியும் யாரும் கொடுக்கவில்லை, இது என் சொந்தக் கருத்து என்றேன். பிறகு எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். ரொம்ப நாளாகவே என்றும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, நடுவில் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான். "எதிரணிக்கு மறுப்பு ஒண்ணும் இல்ல."